முன் சக்கரத்தில் ஒரு காவல்காரன்!

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றுவது ஒரு காலத்தில் சின்ன வேலை.

பிரேக் கம்பியை விடுவிப்பார்கள். நட்டைத் திருகுவார்கள். அச்சை உருவுவார்கள். சக்கரம் கையோடு வந்துவிடும். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டி, சக்கரத்தை மறுபடி மாட்டி, காற்று அடித்து அனுப்பிவிடுவார்கள்.

இப்போது பல வண்டிகளில் அப்படிச் செய்துவிட முடியாது. அவற்றின் முன் சக்கரத்தில் ஒரு காவல்காரன் குடியிருக்கிறான்!

அவன் சம்பளம் கேட்பது இல்லை. தூங்குவதும் இல்லை. வண்டி ஓடும்போது எல்லாம் சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

அவன் பெயர் ஏ.பி.எஸ்.

சக்கரத்தைக் கழற்றுகிறவர் தெரியாமல் அவன் கண்ணைக் குத்திவிடக் கூடாது. குத்திவிட்டால் என்ன ஆகும்? வண்டி ஓடும். பிரேக்கும் பிடிக்கும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் ஆபத்து வரும் அந்த ஒரு விநாடியில், காவல்காரன் இருக்க மாட்டான்!

சக்கரம் நின்றால் வண்டி நிற்குமா?

ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டும். என்ன செய்வது? சக்கரத்தை நிறுத்திவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அது தவறு.

சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறைய வேண்டும். அப்போதுதான் டயர் தரையைப் பற்றிப் பிடிக்கும். சக்கரம் சட்டென்று அடியோடு நின்றுவிட்டால், டயரின் பிடி தளர்ந்துவிடும். வண்டி நிற்காது. நின்றுபோன சக்கரத்தோடு தரையில் வழுக்கிக்கொண்டு போகும்.

ஈரமான குளியல் அறையில் நடந்து பாருங்கள். மெதுவாகப் பாதத்தை ஊன்றி நடந்தால் விழுவது இல்லை. கால் ஒரு முறை வழுக்கத் தொடங்கிவிட்டால்? அப்புறம் கையில் அகப்பட்டதைப் பிடிக்க வேண்டியதுதான்! டயரின் கதையும் அதுதான்.

பின் சக்கரம் வழுக்கினால் வண்டி ஆடும். பழகியவர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே கிடைக்காது. வண்டியைத் திருப்புவதும், சாயாமல் காப்பதும் முன் சக்கரம்தான். அது வழுக்கிவிட்டால், கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் பலன் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் வண்டி சாய்ந்துவிடும்.

"அப்படியானால் முன் பிரேக்கைப் பிடிக்காமலே இருந்துவிடலாமே!" என்று சிலர் சொல்கிறார்கள்.

அதுவும் ஆபத்துதான். பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் பயணிகள் எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? அதேபோல், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் சைக்கிளின் பாரமும் முன் சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. ஆகவே, வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால், வண்டி நெடுந்தூரம் போய்த்தான் நிற்கும்.

முன் பிரேக்கைப் பிடிக்கவும் வேண்டும். முன் சக்கரம் வழுக்கவும் கூடாது. இதுதான் சிக்கல்!

இது சாதாரணச் சிக்கல் அல்ல. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள்.

கண், மூளை, கை

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவன்தான் நமது காவல்காரன். "ஆன்டி லாக் பிரேக் சிஸ்டம்" என்பதன் சுருக்கமே ஏ.பி.எஸ். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏற்பாடு என்று பொருள்.

அவனுக்குக் கண் உண்டு. மூளை உண்டு. கையும் உண்டு.

முன் சக்கரத்தின் நடுப்பகுதியை உற்றுப் பாருங்கள். ஓட்டைகள் போட்ட பெரிய வட்டத் தகடு ஒன்று பளபளக்கும். அது பிரேக் டிஸ்க். அதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு வளையம் இருக்கும். அதில் சீப்புப் பல்லைப்போல வரிசையாகப் பற்கள் அல்லது துளைகள் இருக்கும். அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள்!

அந்த வளையத்துக்கு எதிரே, விரல் நுனி அளவில் கறுப்பாக ஒரு பொருள் நீட்டிக்கொண்டு இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் மேலே போகும். அதுதான் சென்சார். அதுவே காவல்காரனின் கண்.

சக்கரம் சுற்றும்போது வளையத்தின் பற்கள் ஒவ்வொன்றாகச் சென்சாரைக் கடந்து போகின்றன. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின்சாரத் துடிப்பு உண்டாகிறது. துடிப்புகள் வேகமாக வந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். துடிப்புகள் திடீரென்று அறுந்துபோனால், சக்கரம் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் செய்தி வயர் வழியாக ஒரு பெட்டிக்குப் போகிறது. மூளையும் கையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. சக்கரம் இறுகப் போகிறது என்று தெரிந்த உடனே, பெட்டிக்குள் இருக்கும் வால்வுகள் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துகின்றன. சக்கரம் மறுபடி உருளுகிறது. உடனே அழுத்தம் கூடுகிறது. மறுபடி இறுகப் பார்க்கிறது, மறுபடி தளர்கிறது. பிடி, விடு, பிடி, விடு! ஒரே விநாடியில் இது பல முறை நடந்து முடிந்துவிடுகிறது. எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராலும் கையால் இவ்வளவு வேகமாகச் செய்ய முடியாது.

அப்போது பிரேக் கைப்பிடி விரல்களின் கீழே தடதடவென்று அதிரும். அதைக் கண்டு பயந்து, சிலர் கையை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது! காவல்காரன் வேலை செய்கிறான் என்பதற்கு அதுதான் அடையாளம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஏ.பி.எஸ். மந்திரம் அல்ல. சரளைக் கல்லிலும் மணலிலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகலாம். வளைவில் தலைதெறிக்கப் பறந்தால், எந்தக் காவல்காரனாலும் காப்பாற்ற முடியாது.

ஆகாய விமானத்தில் பிறந்தது

இந்த யுக்தி முதலில் பெருமளவில் பயன்பட்டது மோட்டார் சைக்கிளில் அல்ல, ஆகாய விமானத்தில்!

தரையில் இறங்கும் விமானம் பிரேக் போடும்போது சக்கரம் இறுகினால் டயர் வெடித்துவிடும். அதைத் தடுக்க, 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டன்லப் கம்பெனி "மாக்சரெட்" என்ற கருவியைச் செய்தது.

"விமானத்துக்கு உதவுவது மோட்டார் சைக்கிளுக்கு உதவாதா?" என்ற கேள்வி பிறந்தது. 1958-ல் பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சி நிலையத்தார் அந்தக் கருவியை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தார்கள். அது எந்த வண்டி தெரியுமா? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர்!

சோதனை நல்ல பலன் தந்தது. முக்கியமாக, வழுக்கும் ஈரச் சாலையில் வண்டி முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நின்றது. ஆனால் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவருக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை. ஆகவே அது கடைக்கு வரவே இல்லை.

அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பு, 1955-ல், அதே கம்பெனியின் கூட்டுறவோடு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. புல்லட் வண்டிகள் திருவொற்றியூரில் உருவாயின. அந்த வண்டிகள் ஏ.பி.எஸ். இல்லாமலே பல பத்து ஆண்டுகள் ஓடின.

1978-ல் ஜெர்மனியில் பென்ஸ் காருக்கு, மின்சார மூளை கொண்ட ஏ.பி.எஸ். வந்தது. 1988-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி அதைத் தன் கே 100 மோட்டார் சைக்கிளில் பொருத்தியது. அந்தக் கருவியின் எடை சுமார் 11 கிலோ! ஒரு சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல! இன்று மோட்டார் சைக்கிளுக்கு வரும் ஏ.பி.எஸ். பெட்டிகளில் ஒரு கிலோகூட எடை இல்லாதவை உண்டு.

இந்தியக் கம்பெனிகளில், ஓசூர் டி.வி.எஸ். 2011-ல் தன் அப்பாச்சி வண்டிக்கு ஏ.பி.எஸ்ஸைக் கொண்டு வந்தது.

பிறகு சட்டம் வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களில், புதிய ரகங்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆயிற்று. ஏற்கனவே விற்பனையில் இருந்த ரகங்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயம் ஆயிற்று.

விமானத்தில் பிறந்த காவல்காரன் இப்படித்தான் நமது தெருவுக்கு வந்து சேர்ந்தான்.

கழற்றாமல் தீருமா?

முன் சக்கரத்தை எப்போது கழற்ற வேண்டும்?

ஆணி குத்தினால் எல்லாம் கழற்ற வேண்டியது இல்லை. டியூப் இல்லாத டயர் என்றால், சக்கரம் வண்டியில் இருக்கும்போதே ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அடைத்துவிடலாம். ஸ்போக்ஸ் கம்பி போட்ட சக்கரங்களில் பெரும்பாலும் டியூப் இருக்கும். அதற்குப் பஞ்சர் ஒட்டவும், டயர் மாற்றவும், பேரிங் மாற்றவும் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்யாமல் இருப்பதே நல்லது. மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். ஆனாலும் என்ன நடக்க வேண்டும் என்று வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கவாவது அது உதவும்!

முதலில் பார், பிறகு தொடு

சாவியை அணைத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டு போதாது. சென்டர் ஸ்டாண்டு போட வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு, முன்பக்கத்தைத் தாங்கும் தனி ஸ்டாண்டு வேண்டும். சக்கரம் கழன்ற பிறகு வண்டி மூக்குக் குப்புற விழுந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இருப்பவரின் கை கால் என்ன ஆவது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு கண்ணால் பார்க்க வேண்டும். சென்சார் எங்கே இருக்கிறது? வயர் எந்த வழியாகப் போகிறது? எந்தெந்த இடத்தில் கிளிப் போட்டிருக்கிறது? செல்போனில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பமே வராது.

அச்சின் நட்டையும், பிரேக் காலிப்பரின் போல்ட்டுகளையும், சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும். சக்கரத்தைத் தூக்கிய பிறகு பலம் கொண்ட மட்டும் இழுத்தால் வண்டி ஸ்டாண்டில் இருந்து சரியலாம்.

காலிப்பர் என்றால் என்ன? டிஸ்க் தகட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிறதே, அந்த இரும்பு வாய்தான் காலிப்பர். அதன் இரண்டு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, அதைப் பக்குவமாகப் பின்னால் இழுத்து எடுக்க வேண்டும்.

எடுத்த காலிப்பரை அப்படியே தொங்கவிடக் கூடாது. அதன் பாரம் முழுவதும் பிரேக் ஆயில் போகும் குழாயில் விழும். ஒரு கயிற்றால் கட்டி ஃபோர்க்கில் மாட்டிவிட வேண்டும்.

அடுத்தது, சென்சார். வண்டிக்கு வண்டி இது மாறும். சில வண்டிகளில் சென்சாரைத் தொடாமலே சக்கரத்தை எடுத்துவிடலாம். வேறு சில வண்டிகளில் ஒரே ஒரு சின்ன போல்ட்டைக் கழற்றி, சென்சாரை வெளியே எடுத்துவிட வேண்டும். வயரைப் பிடித்து இழுத்து எடுக்கக் கூடாது. சென்சாரின் உடம்பைப் பிடித்து, மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒரு துணியில் சுற்றி ஓரமாகக் கட்டிவிட வேண்டும். வயர் அறுந்துவிட்டால் ஒட்டுப் போடும் வேலை ஆகாது. புதுச் சென்சார்தான் வாங்க வேண்டும்.

பிறகு அச்சு. சில வண்டிகளில் ஃபோர்க்கின் அடியில் அச்சை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் ஒன்று தனியாக இருக்கும். முதலில் அதைத் தளர்த்த வேண்டும். ஒரு கையால் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அச்சை உருவ வேண்டும்.

அச்சு வெளியே வரும்போது சக்கரத்தின் இரு பக்கமும் இருக்கும் குட்டிக் குழாய்கள் உருண்டு விழும். அவற்றைப் "புஷ்" என்பார்கள். அவைதான் சக்கரத்தைச் சரியான இடத்தில் நிறுத்துகின்றன. இடப் பக்கத்துப் புஷ்ஷும் வலப் பக்கத்துப் புஷ்ஷும் பல வண்டிகளில் ஒரே நீளம் அல்ல. மாற்றிப் போட்டால் சக்கரம் ஓரமாகத் தள்ளி நிற்கும். பல் வளையம் சென்சாரில் உரசும். அல்லது விலகிப் போகும். எந்தப் பக்கம் எது என்று அப்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை!

சக்கரம் வெளியே இருக்கும்போது, யாரும் முன் பிரேக் கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் விளையாடும் குழந்தைகளுக்கு அதைப் பிடித்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். பிடித்தால், காலிப்பரின் வாய் மூடிக்கொள்ளும். டிஸ்க் தகடு மறுபடி உள்ளே நுழையாது. பல முறை பிடித்தால் உள்ளே இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து ஆயிலும் கொட்டும்!

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சுத்தமான கெட்டி அட்டை ஒன்றை மடித்து, காலிப்பரின் வாயில் செருகி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்!

டிஸ்க்கை மிதிக்காதே!

கழற்றிய சக்கரத்தை டிஸ்க் அடியில் இருக்கும்படி தரையில் போடக் கூடாது. டிஸ்க் வளைந்தால் பிரேக் உதறும். பல் வளையம் வளைந்தால் காவல்காரனின் கணக்குத் தவறும். டிஸ்க் மேலே இருக்கும்படி, பழைய டயரின்மேல் சக்கரத்தை வைக்க வேண்டும்.

டயரைக் கழற்ற நெம்புகோல் போடும்போதும் கவனம் வேண்டும். நெம்புகோல் வளையத்தின்மேல் ஊன்றக் கூடாது. ஒரு பல் நசுங்கினாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொய்ச் செய்தி பெட்டிக்குப் போய்க்கொண்டு இருக்கும்.

டிஸ்க்கில் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். சென்சாரின் முனையைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த முனைக்குக் காந்த சக்தி உண்டு. ஆகவே இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

புது டயர் போடுவதானால், கம்பெனி சொன்ன அளவிலேயே போட வேண்டும். சக்கரத்தின் சுற்றளவை வைத்துத்தான் பெட்டி வேகத்தைக் கணக்குப் போடுகிறது. பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று பெரிய டயரைப் போட்டால் கணக்கு உதைக்கும். டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால், அது வண்டி ஓடும் திசையைக் காட்ட வேண்டும்.

மாட்டும்போது அவசரம் கூடாது

கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

அச்சைத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவ வேண்டும். புஷ்களை அதனதன் இடத்தில் வைத்து, சக்கரத்தைத் தூக்கி, அச்சைச் செருக வேண்டும். அச்சு நுழையவில்லையா? சுத்தியலால் அடிக்கக் கூடாது. சக்கரத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்த்தால், தானே நுழையும்.

காலிப்பரை மாட்டுவதற்கு முன்பு, செருகி வைத்த அட்டையை எடுக்க மறக்கக் கூடாது. காலிப்பரின் வாய்க்குள் டிஸ்க் சரியாக நுழைந்திருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளைப் பூட்ட வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? "கைக்கு வந்த மட்டும்" என்பது கணக்கு அல்ல. அதிகம் இறுக்கினால் மரை அறுந்துவிடும். குறைவாக இறுக்கினால் ஓட்டத்தில் கழன்றுவிடும். ஒவ்வொரு நட்டுக்கும் இவ்வளவு இறுக்கம் என்று கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனருக்கு "டார்க் ரெஞ்ச்" என்று பெயர். நல்ல மெக்கானிக் கடையில் அது இருக்கும்.

பிறகு, சென்சாரை அதன் குழியில் உட்கார வைத்து, போல்ட்டைப் பூட்ட வேண்டும். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே மிகச் சின்ன இடைவெளி இருக்கும். சுமார் ஒரு மில்லி மீட்டர்தான். அது முட்டவும் கூடாது; விலகவும் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றி, உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

வயரைப் பழைய வழியிலேயே கொண்டுபோய், எல்லாக் கிளிப்பையும் போட வேண்டும். பிறகு கைப்பிடியை இடப் பக்கம் முழுவதும், வலப் பக்கம் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். வயர் எங்கும் இழுபடக் கூடாது. சக்கரத்தில் படவும் கூடாது. ஒரு கிளிப்பை விட்டுவிட்டால்கூட வயர் தொங்கும். நாளடைவில் டயர் அதைத் தின்றுவிடும்.

கடைசியாகச் செய்யும் காரியம்தான் உயிர்க் காரியம். வண்டியில் ஏறுவதற்கு முன்பு, முன் பிரேக் கைப்பிடியைப் பல முறை பிடித்துப் பிடித்து விட வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை கைப்பிடி தொளதொளவென்று உள்ளே போகும். அதில் பிரேக் இருக்காது! கெட்டியாக நிற்கும் வரை பிடித்து விட வேண்டும். எவ்வளவு பிடித்தும் கெட்டிப்படவில்லை என்றால், வண்டியை ஓட்டக் கூடாது. இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால், தெருமுனையில் பிரேக்கைப் பிடிக்கும்போதுதான் உண்மை தெரியும்.

மஞ்சள் விளக்கு சொல்லும் சேதி

எல்லாம் முடிந்தது. காவல்காரன் நலமாக இருக்கிறானா? அதை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்!

வண்டிச் சாவியைத் திருப்பியதும், மீட்டரில் "ஏ.பி.எஸ்." என்று எழுதிய மஞ்சள் விளக்கு எரியும். "நான் இருக்கிறேன், இன்னும் சோதனை முடியவில்லை" என்று அர்த்தம். வண்டி மெல்ல நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும், பெட்டிக்குச் சக்கரத்தின் துடிப்பு கிடைக்கும். விளக்கு அணைந்துவிடும். "கண் தெரிகிறது, வேலையைத் தொடங்கிவிட்டேன்" என்று அர்த்தம்.

ஓடும்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால்? காவல்காரனுக்கு ஏதோ கோளாறு. சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான்.

அப்போதும் சாதாரண பிரேக் வேலை செய்யும். அதனால்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். "பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. விளக்கு எரிந்தால் எரியட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் அந்த விளக்கின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டி மறைப்பவர்களும் உண்டு! அது, வாசலில் காவல்காரன் மயங்கிக் கிடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதுபோல.

ஒரு விஷயம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியரில் பின் சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டாலும் இந்த விளக்கு எரியக்கூடும். முன் சக்கரம் நிற்கிறது, பின் சக்கரம் ஓடுகிறது என்றால் பெட்டிக்குக் குழப்பம் வராதா? சாவியை அணைத்து, மறுபடி போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். அப்படியும் அணையவில்லை என்றால், மெக்கானிக்கிடம் காட்டத்தான் வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

பஞ்சர் கடையிலோ மெக்கானிக் கடையிலோ முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், பணம் கொடுப்பதற்கு முன்பு ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆண்களும் கேட்கலாம், பெண்களும் கேட்கலாம்.

1. அச்சு நட்டும், காலிப்பர் போல்ட்டுகளும் முழுவதும் இறுக்கியாயிற்றா?

2. சென்சார் வயருக்கு எல்லாக் கிளிப்பும் போட்டாயிற்றா?

3. சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா?

4. முன் பிரேக் கைப்பிடி கெட்டியாக நிற்கிறதா?

5. வண்டி நகர்ந்ததும் மஞ்சள் விளக்கு அணைகிறதா?

ஐந்துக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், காலியான தெருவில் மெதுவாக ஓட்டி, இரண்டு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். அதன் பிறகு வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, குழந்தை என்று குடும்பமே போகிறது. மழைத் தூறல். சாலையில் எண்ணெய்ப் படலம். திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. ஓட்டுகிறவர் பதறிப்போய் பிரேக்கை இறுகப் பிடிக்கிறார். பயத்தில் இருப்பவர் அளந்து பார்த்தா பிரேக் பிடிப்பார்?

அந்த நேரத்துக்காகத்தான் அந்தச் சின்னக் கறுப்புச் சென்சார் அங்கே உட்கார்ந்து இருக்கிறது. வருஷம் முழுவதும் அதற்கு வேலை வராமலே போகலாம். வந்தால், ஒரே ஒரு முறைதான் வரும்.

சக்கரத்தைக் கவனமாகக் கழற்றி மாட்டக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகட்டும். அந்தப் பத்து நிமிடத்தில், வண்டியில் ஏறும் எல்லோருடைய உயிரும் இருக்கிறது!